கமலாபுரத்திலிருந்து யாழ்ப்பாணம்: சின்ன விமானத்தில் வெளிநாடு கிளம்புமுன் செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் நிற்கும் நான்கு இருக்கை செஸ்னா 172எஸ். ஓட்டுபவரிடம் பிபிஎல் (தனியார் விமானி லைசென்ஸ்) இருக்கிறது, கூட வருபவர்கள் இரண்டு பேர். பிப்ரவரியில் இலங்கைக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்ப வேண்டும். என்னென்ன ஏற்பாடு, எதை எப்போது தொடங்குவது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். சேலத்திலிருந்து நேராக வெளிநாடு போக முடியாது. கமலாபுரத்தில் சுங்கமும் இல்லை, குடியேற்றச் சோதனையும் இல்லை. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டிலிருந்து வரும் விமானம் முதலில் சுங்க விமான நிலையம் ஒன்றில்தான் இறங்க வேண்டும். போகும்போதும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி எல்லாமே அந்தத் தகுதி உள்ளவை. உங்களுக்கு வழியில் இருப்பது திருச்சி. ஆக இது ஒரே பயணமல்ல, நான்கு பயணம்: சேலம்–திருச்சி, திருச்சி–யாழ்ப்பாணம், திரும்ப அதே இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்ளைட் பிளான், தனி அனுமதி எண்.

இலங்கையில் எங்கே இறங்குவது? திருச்சியிலிருந்து ரத்மலானை ஏறக்குறைய 247 கடல்மைல். யாழ்ப்பாணம் (பலாலி) 99 கடல்மைல்தான். யாழ்ப்பாணம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. ஏடிஆர் என்ற பயணிகள் விமானமே இறங்கும் ஓடுபாதை என்பதால் செஸ்னாவுக்குத் தாராளம். முதல் தடவைக்கு யாழ்ப்பாணம்தான் சரி. கொழும்பு பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து ரயிலில் போகலாம். (மாலத்தீவு பற்றியும் சிலர் கேட்பதுண்டு. திருவனந்தபுரத்திலிருந்து மாலே 325 கடல்மைலுக்கு மேல், ஏறக்குறைய முழுவதும் திறந்த கடல். ஒற்றை எஞ்சினில் வேண்டாம்.)

காகித வேலையை ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். எல்லாவற்றையும்விட மெதுவாக நகர்வது எதுவோ அதை முதலில் தொடங்கிவிடுவதுதான் உத்தி. இலங்கைப் பக்கம் அனுமதி தருவது அவர்களுடைய சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை, சுருக்கமாக சிஏஏஎஸ்எல். விண்ணப்பத்தில் விமானத்தின் பதிவு எண், வகை, அதிகபட்ச எடை, விமானி மற்றும் பயணிகளின் பாஸ்போர்ட் விவரம், நுழையும் வழி, நேரம், இன்சூரன்ஸ் நகல் எல்லாம் போகும். இரண்டு விஷயத்தை அதிலேயே எழுதிவிடுங்கள். ஒன்று, நீங்கள் வருவது விஎஃப்ஆரில், அதாவது வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில். இரண்டு, நீங்கள் இறங்கும் நேரத்தில் அங்கே சுங்க, குடியேற்ற அலுவலர்கள் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை. பலாலி நாள் முழுக்க விமானம் வந்து போகும் இடமல்ல. அலுவலர் இல்லாத நேரத்தில் இறங்கினால் விமானத்தைவிட்டு வெளியே கால் வைக்க முடியாமல் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். பதிலை எழுத்தில் வாங்கி அச்செடுத்து வையுங்கள். பயணிகளுக்கு இடிஏ (இலங்கைக்குள் நுழையும் பயண அனுமதி) தனி வேலை, அதை அவரவரே இணையத்தில் முடிக்கலாம்.

இந்தியப் பக்கம் திருச்சியில் ஒரு கிரவுண்ட் ஹேண்ட்லிங் ஏஜென்ட்டைப் பிடித்துவிடுங்கள். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நீங்களே இந்த வேலையில் இறங்காதீர்கள். நிறுத்துமிடம், பாதுகாப்புச் சோதனை, சுங்கம், குடியேற்றம் நான்கும் நான்கு வெவ்வேறு அலுவலகங்கள். தனியார் சின்ன விமானம் என்பது அவர்களுக்கு அன்றாட வேலையுமல்ல. சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் வந்துபோகும் நெரிசல் நேரம் எது என்று ஏஜென்ட்டுக்குத் தெரியும். அந்த நேரத்தைத் தவிர்த்தாலே ஒரு மணி நேரம் மிஞ்சும். ஜெனரல் டிக்ளரேஷன் என்ற படிவமும் பயணிகள் பட்டியலும் ஐந்தாறு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒன்று கேட்பார்கள். முத்திரை குத்திய ஒரு பிரதி கண்டிப்பாக உங்கள் கையில் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது இதே விமானம்தான் இங்கிருந்து போனது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

விமானத்தில் இருக்க வேண்டிய காகிதங்களை 1944 சிகாகோ உடன்படிக்கையின் 29-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது: பதிவுச் சான்றிதழ், பறப்புத் தகுதிச் சான்றிதழ், விமானியின் லைசென்ஸ், ஜர்னி லாக் புக், ரேடியோ நிலைய லைசென்ஸ், பயணிகள் பெயர்ப் பட்டியல், சரக்கு இருந்தால் அதன் பட்டியல். இதோடு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஏஆர்சி (பறப்புத் தகுதி மறுஆய்வுச் சான்றிதழ்), வெயிட் ஷெட்யூல் (விமானத்தின் எடைக் கணக்குத் தாள்), இன்சூரன்ஸ். உள்ளூரில் பறந்து பழகியவர்கள் வழுக்கி விழும் இடங்கள் மூன்று. ரேடியோ லைசென்ஸ் காலாவதியாகியிருக்கும், உள்ளூரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்சூரன்ஸ் பாலிசியின் புவியியல் எல்லை இந்தியாவோடு நின்றிருக்கும். அதை இலங்கைக்கு நீட்டி எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும், அது வரச் சில நாள் பிடிக்கும். மூன்றாவது, ஆங்கிலத் திறன் தகுதி. சர்வதேசப் பறப்புக்குக் குறைந்தது நிலை 4 வேண்டும். நிலை 4 மூன்று ஆண்டுக்கும் நிலை 5 ஆறு ஆண்டுக்கும் ஒருமுறை சோதிக்கப்படும். லைசென்ஸில் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டு விமானிகள் எழுதுவதைப் படித்துவிட்டு கார்மின் இன்ரீச் (செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி), சேட்டிலைட் ஃபோன் போன்றவற்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திருச்சிப் பாதுகாப்புச் சோதனைக்குள் போகாதீர்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம், ஆட்கள் பிடிபட்டிருக்கிறார்கள். கடலுக்கு மேல் உங்களுக்குத் தேவையானது 406 மெகாஹெர்ட்ஸ் இஎல்டி, அதாவது விபத்தில் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் பெட்டி. அதன் குறியீடு பெங்களூருவிலுள்ள இந்திய மிஷன் கன்ட்ரோல் சென்டரில் உங்கள் பெயரில், இப்போதைய ஃபோன் எண்ணோடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தைப் பழையதாக வாங்கியிருந்தால் பதிவு இன்னும் முன்னாள் உரிமையாளர் பெயரில் இருக்கலாம். நீங்கள் கடலில் விழுந்தால் அவருக்குத்தான் ஃபோன் போகும். 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் அனுப்பும் பழைய பெட்டியை 2009 பிப்ரவரி முதல் செயற்கைக்கோள் எதுவும் கேட்பதில்லை.

இனி எரிபொருள். இந்தத் திட்டத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

172எஸ் எஞ்சினுக்கு வேண்டியது ஏவ்கேஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல். பெரும்பாலான விமான நிலையங்களில் கிடைக்கும் ஜெட் எரிபொருளான ஜெட் ஏ-1 அல்ல. ஏவ்கேஸ் பெரும்பாலும் 200 லிட்டர் பீப்பாயில்தான் வரும். திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ அன்றைக்குக் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. அதனால் சேலத்தில் ஊற்றிய எரிபொருளிலேயே போய்த் திரும்பி சேலம் வரை வந்துவிட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியும், ஆனால் முழு டேங்கோடும் மூன்று பேரோடும் முடியாது.

172எஸ்-இல் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 1,157 கிலோ. காலி எடை 770 என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் வெயிட் ஷெட்யூலில் உள்ள எண்ணைப் போடுங்கள், ஒவ்வொரு விமானத்துக்கும் மாறும்.) மூன்று பேர் 225, பைகள் 25, லைஃப் ஜாக்கெட்டும் ராஃப்ட்டும் (ஊதி மிதக்கவிடும் படகு) 20. முழு டேங்கோடு கூட்டினால் 1,184. 27 கிலோ அதிகம்.

இதற்கு எளிய வழி உண்டு. கூட வருபவர்களை நாமக்கல் வழியாகக் காரில் திருச்சிக்கு அனுப்பிவிடுங்கள். எப்படியும் அவர்கள் வந்து சேரும்வரை ஏஜென்ட்டோடு காகித வேலை ஓடிக்கொண்டிருக்கும். விமானி மட்டும் 185 லிட்டரோடு சேலத்தில் கிளம்பட்டும். 110 நாட் (மணிக்கு 110 கடல்மைல்) வேகம், மணிக்கு 35 லிட்டர், ஒவ்வொரு கிளம்பலுக்கும் டாக்சி (விமானம் தரையில் உருண்டு போவது), ஏற்றம் சேர்த்து 6 லிட்டர் கூடுதல் என்று வையுங்கள். திருச்சி வரை 30 லிட்டர் போகும், மீதி 155. அங்கே மூன்று பேரும் ஏறினால் மொத்தம் 1,152 கிலோ, எல்லைக்குள் 5 கிலோ. திருச்சி–யாழ்ப்பாணம்–திருச்சி, கீழே சொல்லும் சுற்றுவழியில், 79 லிட்டர். மீதி 76. அந்த நேரத்தில் திருச்சி மூடியிருந்தால் மதுரை 67 கடல்மைல், 21 லிட்டர்தான். திருச்சியிலிருந்து சேலம் 30 லிட்டர். கமலாபுரத்தில் இறங்கும்போது டேங்கில் 46 லிட்டர். வழியில் எங்கேயும் ஒரு சொட்டு வாங்க வேண்டியதில்லை. எதிர்க்காற்று 20 நாட் அடித்தால் கடல் பகுதிக்கு 8 லிட்டர் கூடும், அதையும் தாங்கும். பகல் விஎஃப்ஆருக்குச் சட்டம் கேட்பது அரை மணி நேர இருப்பு. ஒரு மணி நேரத்துக்குக் கீழே திட்டமிடாதீர்கள் என்பது என் கருத்து.

பீப்பாயிலிருந்து ஊற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் பீப்பாயின் சீலையும் பேட்ச் சான்றிதழையும் பாருங்கள். நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மேல்மூடியில் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது அந்தத் தண்ணீரை மூடியின் மரை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் படுக்க வைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில் வருமாறு வைப்பது வழக்கம். ஊற்றுவதற்கு முன் நிமிர்த்தி ஒரு மணி நேரமாவது அசையாமல் விடுங்கள். பம்ப் குழாய் அடித்தட்டைத் தொடக்கூடாது, அடியில் இரண்டு அங்குலம் தண்ணீருக்கும் அழுக்குக்கும் விட்டுவிட வேண்டியதுதான். பீப்பாய், பம்ப், விமானம் மூன்றையும் எர்த் வயரால் இணைத்த பிறகுதான் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். கடைசியில் எல்லா வடிகாலிலும் மாதிரி பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இளநீலமாக இருக்க வேண்டும். வைக்கோல் நிறம் தெரிந்தாலோ, தாளில் ஒரு சொட்டு விட்டு அது காய்ந்தபின் எண்ணெய்க் கறை நின்றாலோ ஜெட் எரிபொருள் கலந்திருக்கிறது. அந்த டேங்கோடு எஞ்சினைக் கிளப்பவே கூடாது. டாக்சி வரை நன்றாக ஓடும், முழு திராட்டில் கொடுத்துப் பறக்க எழும்போதுதான் வெடித்து உதறும்.

சேலத்தில் கிளம்புவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓடுபாதை 04/22, ஏறக்குறைய 1,800 மீட்டர், கடல்மட்டத்திலிருந்து 1,000 அடி உயரம். நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 04-இல் எழுந்தால் மூக்கு வடகிழக்கே, நேராகச் சேர்வராயன் மலையை நோக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அடிவாரம், உச்சி 5,300 அடிக்கு மேல். ஏப்ரல் மதியம் 38 டிகிரியில் இங்கே அடர்த்தி உயரம் (சூட்டில் காற்று மெலிவதால் விமானம் இருப்பதுபோல் உணரும் உயரம்) 4,000 அடியைத் தொடும், அப்போது நிமிடத்துக்கு 500 அடி ஏறினாலே பெரிது. மலை வரும்போது நீங்கள் இருப்பது 3,200 அடியில். எழுந்ததும் டவரிடம் கேட்டுத் திரும்பிவிடுங்கள், முந்தலாம் என்று நினைக்காதீர்கள். பிப்ரவரிக் காலையில் 20 டிகிரி இருக்கும்போது அடர்த்தி உயரம் 1,900 அடிக்குள் நிற்கும். ஆள் குறைவாக, காலையில் கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாதத்தில் ஏற்காட்டுச் சரிவில் காலை மேகம் தாழ்ந்து தொங்கும், அது விலகும்வரை காத்திருங்கள்.

அடுத்தது, ஜிபிஎஸ்ஸில் திருச்சியைப் போட்டு நேர்க்கோட்டில் போவது. அந்தக் கோடு சரியாகக் கொல்லிமலைமேல் போகிறது. கஞ்சமலைக்கும் ஊருக்கும் நடுவே தெற்கே இறங்கி, நான்குவழிச் சாலையைப் பிடித்து நாமக்கல் கோட்டைப் பாறை வரை போய், அங்கிருந்து காவிரியை ஒட்டித் திருச்சிக்குப் போங்கள். நேர்வழி 72 கடல்மைல், இது 76. இரண்டு மூன்று நிமிட வித்தியாசத்துக்குக் கீழே முழுக்கச் சமவெளியும் வயலும் கிடைக்கிறது.

கடலிலும் இதே கணக்குதான். திருச்சியிலிருந்து நேர்க்கோடு அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டும், பிறகு 45 கடல்மைலுக்கு மேல் தண்ணீர். கோடியக்கரை வரை நிலத்தின்மேல் போய் அங்கிருந்து திரும்பினால் தண்ணீர் 30 கடல்மைல்தான், மொத்தத் தூரம் 106. ஏழு கடல்மைல் கூடுதல், நான்கு நிமிடம். செஸ்னா எஞ்சின் நின்றால் ஒரு பங்கு இறங்க ஒன்பது பங்கு தூரம் மிதந்து போகும். இந்தத் திசைக்குரிய விஎஃப்ஆர் உயரம் எஃப்எல் 95, அதாவது ஏறக்குறைய 9,500 அடி. அங்கிருந்து 14 கடல்மைல் மிதக்கலாம், நடுக்கடல் 15. அதாவது எந்தக் கரைக்கும் எட்டாத நேரம் ஒரு நிமிடம்தான். காற்று அடித்தால் இது கூடும். நேர்வழியில் போனால் அது பத்து நிமிடம். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் இந்த வழிக்கு வடக்கே ஏழெட்டுக் கடல்மைலில் இருக்கிறது. திருச்சிக் கட்டுப்பாடு வழியைச் சற்றுத் தெற்கே தள்ளினால் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது நிலைமை வேறு. பலாலியிலிருந்து கடல் இரண்டு கடல்மைல்தான். கிளம்பியவுடன் வடக்கே நீட்டினால் ஏறுவது முழுக்கத் தண்ணீர்மேல் நடக்கும், 4,000 அடியில் எஞ்சின் நின்றால் ஆறு கடல்மைல்கூடப் போகாது. அதனால் டவரிடம் கேட்டு, குடாநாட்டின் மேலேயே வட்டமிட்டு உயரம் எடுத்துக்கொண்டு பிறகு கடலுக்குள் போங்கள். திரும்பும் திசைக்கு எஃப்எல் 85 அல்லது 105. 105-இல் மிதப்பு தூரம் 15 கடல்மைலைத் தாண்டிவிடும். பத்தாயிரம் அடிக்கு மேல் அரை மணிக்குள் இருந்தால் ஆக்சிஜன் வேண்டியதில்லை, கோடியக்கரை வந்ததும் இறங்கிவிடலாம். வட்டமிட 10 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். மேலே சொன்ன 46 லிட்டர் 36 ஆகும், இன்னும் ஒரு மணி நேரம் இருப்பு. இந்தப் பத்து லிட்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் இருந்து பயனில்லை. திருச்சியில் ஏறும்போதே மாட்டிக்கொள்ள வேண்டும். இடுப்புப் பை வகைதான் வசதி. கிளம்புமுன் ஒவ்வொன்றிலும் வாயால் ஊதி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காற்றுச் சிலிண்டரைக் கழற்றித் தராசில் வைத்து, அதன்மேல் அச்சிட்ட எடையோடு ஒப்பிடுங்கள். எடை குறைந்திருந்தால் வாயு கசிந்துவிட்டது என்று பொருள். உள்ளே இருக்கும்போது யாரும் கயிற்றை இழுக்கக் கூடாது. ஊதிய ஜாக்கெட்டோடு மூழ்கும் கேபினில் கதவுக்குக் கீழே குனிந்து வெளியேற முடியாது. ராஃப்ட் பின்பக்கப் பெட்டியறையில் போகக் கூடாது, பின்சீட்டில் இருப்பவர் கைக்கு எட்ட வேண்டும். தண்ணீரில் இறங்க நேர்ந்தால் தொடுமுன் கதவைத் திறந்து இடுக்கில் ஒரு ஷூவைச் சொருகிவிட வேண்டும், விமானத்தின் உடல் வளைந்தால் கதவு இறுகிக்கொள்ளும். பாக் நீரிணையில் மீன்பிடிப் படகுகளுக்குக் குறைவில்லை. படகுக்கு முன்னால், அது போகும் திசையில், அவர்கள் கண்ணில் படும் தூரத்தில் இறங்குங்கள்.

ஃப்ளைட் பிளான் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவாவது போய்ச் சேர வேண்டும். நேரம் எல்லாம் யுடிசியில். காலை 7 மணிக்கு 0130 என்று எழுத வேண்டும். பழக்கதோஷத்தில் 0700 என்று போட்டால் உங்கள் பிளான் மதியம் பன்னிரண்டரைக்கு உயிர்பெறும், காலையில் டவர் தேடினால் அது இருக்காது. இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பது ஒரு ஆறுதல். பிளான் படிவத்தின் 18-ஆவது கட்டத்தில் கொழும்பு எஃப்ஐஆர் (கொழும்பு பார்த்துக்கொள்ளும் வான்பகுதி) எல்லையைத் தொடும் நேரத்தை எழுதுங்கள், திருச்சியிலிருந்து ஏறக்குறைய 48 நிமிடம். 19-ஆவது கட்டத்தில் எரிபொருள் தாங்கும் நேரம், ஆள் எண்ணிக்கை, ராஃப்ட்டின் நிறம். தேடுபவர்கள் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

பிளான் கொடுத்தபின் இரண்டு எண் வாங்க வேண்டும்: சென்னை ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் சென்டர் தரும் எண்ணும், விமானப்படையின் எம்எல்யூ (இராணுவத் தொடர்புப் பிரிவு) தரும் வான்காப்பு அனுமதி எண்ணும். இரண்டாவதையும் டவரையும் நம் ஊரில் வாயால் ஒரே மாதிரி ‘ஏடிசி’ என்றுதான் சொல்வார்கள், ஃபோனில் குழப்பம் வரும். ஆகவே ‘ஏர் டிஃபென்ஸ் நம்பர்’ என்று முழுதாகக் கேளுங்கள். இரண்டையும் முழங்கால் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். ரேடியோவில் கேட்டவுடன் சொல்லத் தெரியவில்லையென்றால் ஸ்டார்ட்-அப் கிடைக்காது. தாமதமானால் பழைய எண் செல்லாமல் போகும், மறுபடி வாங்க வேண்டும். நோட்டாமில் (விமானிகளுக்கான அறிவிப்பு) ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல் எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொன்ன பிப்ரவரி நல்ல தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஏப்ரலில் மதிய இடிமேகம், ஜூனுக்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று. மூன்றுமே சின்ன விமானத்துக்கு ஆகாது.

திரும்பும் நாளில் பலாலியிலிருந்து மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். திருச்சியில் சுங்கமும் குடியேற்றமும் முடிய இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமலாபுரம் டவர் திறந்திருக்கும் நேரத்தை முதல்நாளே கேட்டு, தேவைப்பட்டால் நீட்டிப்புக்கு எழுதிக் கொடுங்கள். சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு மேல் விஎஃப்ஆர் கிடையாது. நேரம் தப்பினால் விமானத்தைத் திருச்சியில் கட்டிவைத்துவிட்டு எல்லோருமே காரில் வந்து, மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம். நிறுத்தக் கட்டணம் பெரிய தொகையல்ல.

சேலத்தில் இறங்கி எஞ்சினை அணைத்ததும் இரண்டு டேங்கிலும் அளவுகோலை விட்டுப் பாருங்கள். 36 லிட்டருக்குப் பதில் 28 இருந்தால், உங்கள் எஞ்சின் குடிப்பது மணிக்கு 35 அல்ல. எவ்வளவு என்பதை லாக் புக்கில் அன்றைக்கே எழுதிவிடுங்கள், அடுத்த கணக்கு அந்த எண்ணில் தொடங்கட்டும்.